நீட் மார்க் குறைந்துவிட்டதா? ரிசல்ட் வந்த நாளிலிருந்து வீட்டில் பேசி முடிவெடுக்கும் வரை: முழுமையான வழிகாட்டி

நீட் எழுதி, எதிர்பார்த்த மார்க் வராமல், வீட்டில் எப்படிச் சொல்வது, அடுத்து என்ன செய்வது என்று திகைத்து நிற்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கும் ஆசிரியர் நான். ரிசல்ட் வந்த வாரத்தில் மாணவர்களும் பெற்றோரும் ஸ்கோர்கார்டோடு வந்து உட்காருவதை வருடா வருடம் பார்க்கிறேன்.

மார்க் குறைந்ததால் இழப்பதைவிட, செய்ய வேண்டியதை முன்பின்னாகச் செய்து இழப்பவர்கள் அதிகம். அன்று இரவே கோச்சிங் சென்டருக்கு முன்பணம் கட்டிவிட்டு, தன் மார்க்குக்கு சித்த மருத்துவம் கிடைத்திருக்கும் என்று ஆகஸ்டில் தெரிந்துகொள்கிறார்கள். வீட்டில் பேசப் பயந்து ஒரு வாரம் அறைக்குள்ளேயே இருந்துவிட்டு, அந்த வாரத்தில் முடிந்துபோன விண்ணப்பத் தேதிகளுக்காக அப்புறம் அழுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

ஆரம்பிக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஸ்கோர்கார்டின் பிரிண்ட், நீங்கள் விடை குறித்த ஓ.எம்.ஆர். தாளின் நகல், இறுதி விடைக்குறிப்பு. பின்னால் இவை மூன்றும் கட்டாயம் தேவைப்படும். நீட்டை நடத்தும் தேசிய தேர்வு முகமையின் தளத்தில் எப்போதும் கிடக்கும் என்று விட்டுவிடாமல் இன்றே இறக்கி வையுங்கள்.

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ். இல்லாதவற்றுக்கு இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பியுங்கள். ஜூன் மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், தாமதமாகும்.

சான்றிதழில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. கையில் பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழ் இருக்கிறது என்று மத்திய அரசு நடத்தும் அகில இந்திய ஒதுக்கீட்டுக் கலந்தாய்வில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) என்று குறித்துவிடுகிறார்கள். அங்கே மாநிலச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியான பிரிவு) வராதவர் என்று தாசில்தார் கொடுக்கும் தனி ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதுவும் நடப்பு ஆண்டுக்கானதாக இருக்க வேண்டும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் அதற்கான சான்றைப் பள்ளிகளில் வாங்கி வையுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு அதுதான் ஆதாரம். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும்.

இவற்றோடு ஒரு நாற்பது பக்க நோட்டு. அப்புறம், நீங்கள் நம்பும் ஒரு பெரியவர்: ஆசிரியர், அத்தை, மாமா, படித்த அக்கா, யாராக இருந்தாலும் சரி. வீட்டில் சத்தம் போடாமல் பேசக்கூடியவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1. முதல் இரண்டு நாள்: உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேறு எதையும் முடிவு செய்ய வேண்டாம்

முதல் இரண்டு நாளில் எடுக்கும் முடிவு அநேகமாகத் தப்பாகத்தான் போகும். "இனிமே படிப்பே வேண்டாம்" என்பதும், "நாளைக்கே ரிப்பீட்டர் பேட்ச்ல சேர்றேன்" என்பதும் ஒரே பதற்றத்திலிருந்து வருபவை. இரண்டையும் தள்ளிப் போடுங்கள்.

சாப்பிடுங்கள், தூங்குங்கள். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியேற வேண்டாம், ஆனால் நோட்டிஃபிகேஷனை அணைத்து வையுங்கள். நண்பர்களின் மார்க் உங்கள் ரேங்கை இனி ஒரு இடம்கூட மாற்றாது.

உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை, நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி என்கிற மாதிரி எண்ணம் வந்தால், தனியாக இருக்காதீர்கள். உடனே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்ல முடியவில்லை என்றால் போனை எடுத்து 104-க்கு அழையுங்கள். அது தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண். 14416 மத்திய அரசின் மனநல உதவி எண், அதிலும் தமிழில் பேசலாம். இரண்டுமே இலவசம், இரவிலும் எடுப்பார்கள். இந்த எண்ணம் வருவது பலவீனம் கிடையாது. பல மாதத் தூக்கமின்மைக்கும் பயத்துக்கும் பிறகு மனம் அப்படித்தான் சோர்ந்து போகும். பேசினால் அந்தப் பிடி தளரும். மற்ற படிகள் எல்லாம் காத்திருக்கட்டும்.

பெற்றோர் இதைப் படிக்கிறீர்கள் என்றால்: பிள்ளை வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்டால், சாப்பாட்டை ஒதுக்கினால், யாரிடமும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டால், அந்த நாட்களில் வீட்டில் யாராவது ஒருவர் கூடவே இருங்கள். "தப்பா எதுவும் தோணுதாப்பா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஏற்கனவே இருந்தால் சொல்ல ஒரு வழி கிடைக்கும்.

2. மார்க்கை அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்

முடிவைத் தள்ளிப் போடலாம், மார்க்கைத் தள்ளிப் போடக் கூடாது. விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும் வீட்டிலேயே இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். உங்கள் வாயால் தெரியாமல் பெரியப்பா வாயால் அப்பாவுக்குத் தெரிந்தால், மார்க் பிரச்சினை நம்பிக்கைப் பிரச்சினையாகிவிடும். அதைச் சரிசெய்வது மிகவும் கஷ்டம்.

50, 100 கூட்டிச் சொல்லிவிடுகிற பிள்ளைகளும் உண்டு. அன்று மாலை நிம்மதியாகப் போகும். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் நாளில் திரையில் உண்மையான எண் தெரியும்போது, அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் வீட்டில் நம்ப மாட்டார்கள்.

யாரிடம் முதலில்? யாரிடம் சொன்னால் வீட்டில் சத்தம் குறையுமோ அவரிடம். பல வீடுகளில் அது அம்மா. ஆனால் அம்மாவிடம் சொல்லி, "நீயே அப்பாகிட்ட சொல்லிடும்மா" என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் அம்மா இருக்கட்டும், சொல்வது நீங்களாக இருங்கள். இந்த அளவு போதும்:

"அப்பா, ரிசல்ட் வந்துடுச்சு. 338 வந்திருக்கு. நினைச்ச மார்க் வரலை. எனக்கும் ரொம்பக் கஷ்டமா இருக்கு. இதுக்கு என்னென்ன வழி இருக்குன்னு விசாரிச்சுட்டு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து சொல்றேன். அதுவரைக்கும் யாருக்கும் பணம் கட்ட வேண்டாம்பா."

மார்க், உங்கள் மனநிலை, அடுத்த பேச்சுக்கு ஒரு நாள், பணம் கட்ட வேண்டாம் என்ற வேண்டுகோள். இந்த நான்கும் இருந்தால் போதும். காரணங்களை அன்று அடுக்காதீர்கள். கேள்வித்தாள் கஷ்டம், சென்டரில் மின்விசிறி ஓடவில்லை என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் சாக்காகத்தான் காதில் விழும். அப்பா கோபத்தில் பேசினால் பதில் பேச வேண்டாம். எதுவுமே பேசாமல் எழுந்து போனாலும் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கும் அந்த இரண்டு நாள் தேவை.

3. ஸ்கோர்கார்டைச் சரியாகப் படியுங்கள்

மூன்றாம் நாள் நோட்டைத் திறங்கள். ஸ்கோர்கார்டில் இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு எதிரே இருக்கும் எண்கள் மார்க் இல்லை, பர்சன்டைல். இயற்பியலுக்கு எதிரே 78 என்று இருப்பதைப் பார்த்து, "பிசிக்ஸ் பரவாயில்ல, 78 எடுத்திருக்கேன்" என்று சொல்கிறவர்கள் நிறைய. எழுதியவர்களில் 78 சதவீதம் பேர் உங்களுக்குக் கீழே அல்லது சமமாக இருக்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள். பாடவாரியான உண்மையான மார்க்கை நாமே கணக்கிட வேண்டும். ஐந்தாம் படியில் அதைச் செய்வோம்.

அடுத்து, "தகுதி பெற்றார்" என்ற வரி. 2025-இல் நாடு முழுவதும் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறக்குறைய 1.2 லட்சம். தகுதி என்பது கலந்தாய்வு வரிசையில் நிற்க அனுமதி மட்டும். பெற்றோரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "பாஸ் ஆயிட்டான், அப்புறம் ஏன் சீட் கிடைக்கல?" என்ற கேள்வியை வைத்துத்தான் ஏஜெண்டுகள் உள்ளே வருகிறார்கள்.

மூன்றாவது, போன வருட மார்க்கோடு ஒப்பிடாதீர்கள். 2024-இல் முதலிடம் 720-க்கு 720, பொதுப் பிரிவின் தகுதி மார்க் 162. 2025-இல் தாள் கடினம், முதலிடமே 686, தகுதி மார்க் 144. ஒரே மார்க் இந்த இரண்டு வருடங்களில் இரு வேறு ரேங்கைத் தரும். அதனால் ரேங்கை ரேங்கோடு ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டு இடங்களுக்கு அகில இந்திய ரேங்கும் நேரடியாக உதவாது. மாநிலத் தரவரிசைப் பட்டியல் வந்த பிறகு, அதில் உங்கள் வகுப்புவாரி (பி.சி., எம்.பி.சி. போன்ற இடஒதுக்கீட்டுப் பிரிவுவாரி) ரேங்க்தான் கணக்கு. கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவத் தேர்வுக் குழுவின் தளத்தில் முந்தைய ஆண்டின் ஒதுக்கீட்டுப் பட்டியல் கிடைத்தால், உங்கள் வகுப்பில் எந்த ரேங்க் வரை எந்தச் சுற்றில் இடம் கிடைத்தது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மறுமதிப்பீடு கேட்கலாமா என்று கேட்பார்கள். விடைக்குறிப்பையும் ஓ.எம்.ஆர். பதிவையும் எதிர்த்து முறையிட ரிசல்ட்டுக்கு முன்பே சில நாள் அவகாசம் தருகிறார்கள். ரிசல்ட்டுக்குப் பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ இல்லை. அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏமாற்றுகிறார்.

4. எந்த விண்ணப்பம் எப்போது முடிகிறது என்று எழுதுங்கள்

இங்கேதான் நாள் நகர்கிறது. இரண்டு தனித்தனிப் பட்டியல் போடுங்கள்.

முதல் பட்டியல், நீட் மார்க் தேவைப்படுபவை. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். (பல் மருத்துவம்) இரண்டுக்கும் மாநிலத்தின் 85 சதவீத இடங்களுக்குத் தேர்வுக் குழுவிடமும், அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவிடமும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதிக்கு மாநிலத்தில் இன்னொரு விண்ணப்பம். எம்.பி.பி.எஸ். விண்ணப்பம் போட்டால் சித்தாவுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்து விட்டவர்கள் உண்டு. எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அரசுப் பள்ளியில் படித்தவர்கள், மார்க் எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும், தகுதி பெற்றிருந்தால் விண்ணப்பித்தே ஆக வேண்டும். 7.5 சதவீதத்துக்குத் தனிப் பட்டியல், தனிப் போட்டி. பொதுப் பட்டியலில் நினைத்தே பார்க்க முடியாத மார்க்குக்கு இங்கே இடம் வரலாம். அந்த இடங்களுக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இது பொருந்தாது.

இரண்டாவது பட்டியல், பிளஸ் டூ மார்க்கை வைத்துச் சேர்பவை. கால்நடை மருத்துவத்துக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், வேளாண்மைக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம், மீன்வளத்துக்கு நாகப்பட்டினத்தில் உள்ள பல்கலைக்கழகம். நர்சிங், பார்மசி, ரேடியாலஜி, டயாலிசிஸ், அறுவை அரங்கு தொழில்நுட்பம் போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கு அதே தேர்வுக் குழு தனியாக விண்ணப்பம் வாங்குகிறது. கணக்கோடு உயிரியல் படித்திருந்தால் பொறியியலும் உண்டு. அங்கே கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப்.

சிக்கல் என்னவென்றால், இவற்றில் பல மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட்டோடு தொடங்கி, நீட் ரிசல்ட் வரும் ஜூன் வாக்கில் முடிந்துவிடுகின்றன. அடுத்த வருடம் எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லுங்கள்: நீட் எழுதிவிட்டு வந்ததும், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் இந்த இரண்டாவது பட்டியலில் விருப்பமான எல்லாவற்றுக்கும் போட்டு வைக்க வேண்டும். "அப்படிப் போட்டா நீட் மேல நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும்" என்று சில பெற்றோர் தடுப்பார்கள். விண்ணப்பக் கட்டணம் தவிர அதில் இழப்பு எதுவும் இல்லை.

இப்போதே தேதி முடிந்திருந்தாலும் நீட்டிப்பு இருக்கிறதா, துணைக் கலந்தாய்வு எப்போது என்று அந்தந்தத் தளத்தில் பாருங்கள். அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடங்களுக்குப் பின்னாலும் அழைப்பார்கள். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். தகவல் கையேட்டை நீங்களே படியுங்கள், யூடியூப் வீடியோவை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

5. மார்க் எங்கே போனது என்று கண்டுபிடியுங்கள்

திரும்ப எழுதலாமா என்ற கேள்விக்குப் பதில் உங்கள் ஓ.எம்.ஆர். தாளில்தான் இருக்கிறது. விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்து 180 கேள்விகளையும் பாருங்கள். சரி, தவறு, விட்டது என்று பாடவாரியாக எண்ணுங்கள். சரிக்கு 4, தவறுக்குக் கழித்தல் 1.

338 எடுத்த ஒருவரின் மாதிரிக் கணக்கைப் பாருங்கள். இயற்பியல்: சரி 16, தவறு 22, விட்டது 7. மார்க் 42. வேதியியல்: சரி 24, தவறு 15, விட்டது 6. மார்க் 81. உயிரியல்: சரி 59, தவறு 21, விட்டது 10. மார்க் 215.

இப்போது தவறான 58-ஐயும் ஒவ்வொன்றாக எடுத்து, நான்கில் ஒரு காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள்: படிக்கவே இல்லை, படித்தது மறந்துவிட்டது, கேள்வியைத் தப்பாகப் படித்தேன், குருட்டாம்போக்கில் அடித்தேன். உயிரியலின் 21-இல் 13 "தப்பாகப் படித்தேன்" என்று வந்தால், அங்கே மட்டும் 65 மார்க் இருக்கிறது. ஒரு தவறு சரியாகும்போது வருவது 4 இல்லை, 5. "சரியானது அல்லாதது எது", கூற்று-காரணம், பொருத்துக மாதிரிக் கேள்விகளில் இது அதிகம் நடக்கும். பயிற்சியால் மாறக்கூடிய தவறு இது.

அதே நபரின் இயற்பியலில் 22-இல் 18 "படிக்கவே இல்லை" என்று வந்தால் கதை வேறு. பிளஸ் ஒன் பாடத்திலேயே அடித்தளம் இல்லை. பத்து மாதத்தில் சரிசெய்யலாம்தான், ஆனால் ஜூலை முதல் தினமும் இயற்பியலுக்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். உட்காரத் தயாரா என்று உங்களையே கேட்டு, பதிலை நோட்டில் எழுதுங்கள்.

இந்த வேலைக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். மனசுக்குக் கஷ்டமாகவும் இருக்கும். தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இந்தக் கணக்கு இல்லாமல் ரிப்பீட் பண்ணுகிறவர்கள், அடுத்த வருடமும் பிடித்த உயிரியலையே படித்து, பிடிக்காத இயற்பியலைத் தள்ளிவைத்துக்கொண்டே போகிறார்கள்.

6. வீட்டில் பேசும் முன் ஒரு தாள் தயார் செய்யுங்கள்

ஒரே ஒரு வெள்ளைத் தாள். மேலே மார்க், ரேங்க். கீழே மூன்று வழிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே செலவு, எத்தனை வருடம், கடைசித் தேதி, கிடைக்கும் வாய்ப்பு. மூன்றுக்கு மேல் எழுதினால் பேச்சு சிதறும்.

உதாரணமாக: ஒன்று, சித்தா அல்லது பி.டி.எஸ். கலந்தாய்வு. இரண்டு, பி.எஸ்சி. நர்சிங்கோ கால்நடை மருத்துவமோ. மூன்று, ஒரே ஒரு வருடம் திரும்ப எழுதுவது. உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதற்கு ஒரு டிக்.

தாள் எதற்கு என்றால், வாயால் மட்டும் பேசும்போது பேச்சு பழசுக்குப் போய்விடும். "போன தீபாவளிக்கு நீ படிக்காம போன் பார்த்தியே" என்று ஆரம்பிக்கும். மேஜையில் தாள் இருந்தால் எல்லோர் கண்ணும் அதற்குத் திரும்பும். பள்ளிப் படிப்பைத் தாண்டாத அப்பாக்கள்கூட அந்தத் தாளைக் கையில் எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செலவுக் கட்டத்தில் விரலை வைத்து, "இது வருஷத்துக்கா, மொத்தமா?" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி வந்துவிட்டால் கோபம் பாதி இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

7. அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசுவது

நேரத்தைப் பார்த்துப் பேசுங்கள். வேலை முடிந்து வந்த களைப்பில் வேண்டாம், விருந்தாளி இருக்கும்போது வேண்டவே வேண்டாம். ஞாயிறு காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பல வீடுகளில் சரியாக இருக்கும். தேவைப்பட்டால் நீங்கள் தேர்ந்தெடுத்த அந்தப் பெரியவரையும் வரச் சொல்லுங்கள். தாளை அவரிடம் முன்பே காட்டிவிடுங்கள்.

முதல் வாக்கியத்திலேயே அவர்கள் செய்ததை ஒத்துக்கொள்ளுங்கள். கோச்சிங்குக்கு நகையை அடகு வைத்திருப்பார்கள், அப்பா ஓவர்டைம் பார்த்திருப்பார், அம்மா உங்களோடு விடிகாலையில் எழுந்து டீ போட்டிருப்பார். "நீங்க செலவு பண்ணினது எனக்குத் தெரியும்பா, மறக்கலை" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தால், அதை நிரூபிக்க அவர்கள் பேச்சில் பாதியைச் செலவழிக்க வேண்டியிருக்காது.

"பக்கத்து வீட்டுப் பையன் 600 எடுத்திருக்கானே?" இதற்குப் பதில் கிடையாது, தேடாதீர்கள். "ஆமாம்மா, நல்லா எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டுத் தாளுக்குத் திரும்புங்கள்.

"உன்னை டாக்டராப் பார்க்கணும்னுதான் இவ்வளவு கஷ்டப்பட்டோம்." இது வரும்போது எதிர்த்துப் பேசாமல், மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "நான் டாக்டர் ஆனா என்ன நல்லது நடக்கும்னு நினைச்சீங்கப்பா?" பெரும்பாலும் வரும் பதில், "நாங்க பட்ட கஷ்டம் நீ படக் கூடாது", அல்லது "நாலு பேர் மதிக்கணும்". நிலையான வருமானம்தான் அவர்கள் கவலை என்றால், தாளில் உள்ள இரண்டாவது வழியில் படித்தவர்களுக்கு என்ன வேலை கிடைக்கிறது என்று பேசலாம். மரியாதைதான் என்றால், கால்நடை மருத்துவரையும் ஊரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் பயத்தைத் தெரிந்துகொள்ளாமல் உங்கள் ஆசையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் பேச்சு நகராது.

பெண் பிள்ளைகளின் வீட்டில் இன்னொரு பேச்சு வரும்: "அப்போ மாப்பிள்ளை பார்த்துடலாம்." அது வருவதற்கு முன்பே ஏதாவது ஒரு படிப்புக்கு விண்ணப்பித்து, அந்த ரசீதைத் தாளோடு வைத்திருங்கள். செலவு காரணம் காட்டினால், அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதைச் சொல்லுங்கள். ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் உண்டு.

ஒரே நாளில் முடிவு வராது. "யோசிச்சு புதன்கிழமை சொல்லுங்கப்பா" என்று நாள் குறித்துவிட்டு எழுந்துவிடுங்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதி அதற்கு முன்னால் வந்தால் மட்டும், "இப்போ விண்ணப்பம் மட்டும் போட்டு வைக்கிறேன், சேர்றதை அப்புறம் பார்க்கலாம்" என்று கேட்டு வாங்குங்கள்.

அடி, பூட்டி வைப்பது, வீட்டை விட்டுப் போ என்பது வரை போகும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே இந்தப் பேச்சைத் தனியாக முயற்சி செய்யாதீர்கள். ஆசிரியரையோ உறவினரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். 18 வயது ஆகவில்லை என்றால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

8. திரும்ப எழுதுவதா: முடிவெடுக்கும் முறை

நீட்டுக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பு இல்லை, மேல் வயது வரம்பும் இல்லை. அதனாலேயே நாம் வரம்பு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசி மூன்று மாத மாதிரித் தேர்வுகளின் மார்க்கை வரிசையாக எழுதுங்கள். அவை 480, 500 என்று இருந்து தேர்வில் மட்டும் 338 என்றால், பயமோ உடல்நிலையோ நேரமோ காரணம். திரும்ப எழுத நல்ல காரணம் இருக்கிறது. மாதிரித் தேர்விலும் 330-ஐ ஒட்டியே இருந்திருந்தால், இதே முறையில் இன்னொரு வருடம் படிப்பது இதே இடத்துக்குத்தான் கொண்டுவரும். படிக்கும் முறை, இடம், நேரம் இவற்றில் என்ன மாறப்போகிறது என்று சொல்ல முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

ஒருமுறை திரும்ப எழுதுவதை நான் தடுப்பதில்லை. மூன்றாவது முறைக்கு, மார்க் ஒவ்வொரு முறையும் நன்றாக ஏறியிருந்தால் தவிர, வேண்டாம் என்பேன். இரண்டு வருடம் அறைக்குள் இருந்த பிள்ளைகளின் முகம் மாறிவிடுவதைப் பார்த்தபின் வேறு மாதிரி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சேர்ந்தால், கவனிக்க வேண்டியவை: கட்டணத்தை ஒரே தவணையில் கட்டாதீர்கள். நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். விடுதியோடு சேர்ந்த இடம் என்றால், போவதற்கு முன் ஒருமுறை நேரில் போய், அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் தூக்க நேரமும் வீட்டுக்குப் பேசும் நேரமும் கேளுங்கள். டிசம்பர் இறுதியில் ஒருமுறை வீட்டில் உட்கார்ந்து மார்க்கைப் பார்ப்பது என்று இப்போதே பேசி வையுங்கள்.

9. பணம் கேட்டு வருபவர்கள்

ரிசல்ட் வந்த மறுநாளே போன் வர ஆரம்பிக்கும். தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீடு, நிகர்நிலைப் (டீம்டு) பல்கலைக்கழகம், எதுவானாலும் எம்.பி.பி.எஸ். இடம் கலந்தாய்வு வழியாக மட்டும்தான். "உள்ள ஆள் இருக்கு, முன்பணம் கொடுங்க" என்றால் போனை வைத்துவிடுங்கள். நிகர்நிலைகளில் ஆண்டுக் கட்டணம் பல இடங்களில் 20 லட்சத்தைத் தாண்டும். அதை நான்கரை ஆண்டுக்குப் பெருக்கி, விடுதியும் சேர்த்து, அப்பாவின் மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். என்றால், அதற்கும் நீட் தகுதி வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கில வழியில். அங்கேயே 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்து இங்கே தகுதித் தேர்வில் தேறி, இன்னொரு பயிற்சி. அந்தத் தேர்வில் சமீப ஆண்டுகளின் பெரும்பாலான சுற்றுகளில் எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. ஏஜெண்ட் முதல் வருடக் கட்டணத்தை மட்டும்தான் சொல்வார். முழுக் கணக்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

10. சொந்தக்காரர்கள் கேட்டால்

ஒரே பதிலை வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: "338 வந்திருக்கு, கலந்தாய்வுக்குப் போட்டிருக்கோம், வந்ததும் சொல்றோம்." அம்மா ஒன்றும் அப்பா ஒன்றும் சொன்னால்தான் கேள்வி நீளும். கல்யாணம், காதுகுத்துக்கு அந்த மாதம் போகப் பிடிக்கவில்லை என்றால், போகாமல் இருக்க வீட்டில் அனுமதி கேளுங்கள்.

11. கலந்தாய்வு முடியும் வரை

சுற்றுகள் பல மாதம் நீளும். பதிவு செய்த மொபைல் எண்ணை மாற்றாதீர்கள். பாஸ்வேர்டைத் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள், பிரவுசிங் சென்டர்க்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். கல்லூரி விருப்பப் பட்டியலைப் பிடித்த வரிசையில் போடுங்கள். கிடைக்குமா என்று யோசித்துப் பிடித்ததைக் கீழே தள்ளினால், கிடைத்திருக்க வேண்டியதும் போய்விடும். அதே நேரம், கிடைத்தால் சேரவே மாட்டோம் என்ற கல்லூரியைப் பட்டியலில் வைக்காதீர்கள். பின் சுற்றுகளில் இடம் வாங்கிவிட்டுச் சேராமல் போனால் வைப்புத்தொகை போகும், அடுத்த கலந்தாய்வில் கலந்துகொள்ளத் தடையும் வரலாம்.

வேறு படிப்பில் சேர்ந்துகொண்டே திரும்ப எழுதப்போகிறீர்கள் என்றால், சேரும் நாளிலேயே கேட்க வேண்டியது இரண்டு: நடுவில் விலகினால் என்ன கட்டணம், அசல் சான்றிதழ்களை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள். ஒப்படைக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள், ஒப்படைத்ததற்குக் கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கல்லூரி அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.